ஒப்பந்தத்தை வாசிக்கும் கணினி

ஏடிஎம் ஒன்றில் அட்டையைச் செருகி இரண்டாயிரம் ரூபாய் எடுக்கும் வாடிக்கையாளர், தமது வங்கியோடு மட்டுமே தாம் தொடர்பு கொள்வதாக எண்ணுகிறார். திரையில் தெரிவது வங்கியின் பெயர். தாளில் அச்சாகி வருவதும் அதுவே. ஆயினும் அந்த ஒரு நிமிடத்திற்குள் வங்கியைச் சேராத பலர் அவருக்காகப் பணி செய்கின்றனர். இயந்திரத்தை நிறுவிப் பராமரிப்பது ஒரு நிறுவனம். அதில் நோட்டுகளை நிரப்புவது மற்றொன்று. அட்டையின் விவரத்தைச் சரிபார்த்து வழியனுப்பும் கணினி அமைப்பை நடத்துவது வேறொன்றாக இருக்கலாம். இணைப்பைத் தருவது தொலைத்தொடர்பு நிறுவனம். அட்டையை அச்சிட்டவர், குறுஞ்செய்தி அனுப்புபவர், வாசலில் நிற்கும் காவலாளியை அமர்த்தியவர் என்று இந்த வரிசை நீளும். இவர்கள் ஒவ்வொருவரையும் வங்கியோடு பிணைப்பது ஓர் ஒப்பந்தம். அவ்வொப்பந்தங்களை வங்கிகள் எவ்வாறு வாசிக்கின்றன, அவற்றில் உள்ளதை எவ்வாறு நினைவில் வைக்கின்றன, அதற்கு மொழியைக் கையாளும் கணினித் தொழில்நுட்பம் எவ்வளவு துணை செய்கிறது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

வங்கியின் உள்வீட்டு விவகாரம் வாடிக்கையாளருக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு 2016ஆம் ஆண்டை நினைவூட்ட விரும்புகிறோம். அவ்வாண்டு அக்டோபரில் நாடெங்கும் சுமார் 32 லட்சம் டெபிட் அட்டைகள் பாதுகாப்பை இழந்திருக்கலாம் என்று தெரியவந்தது. பாரத ஸ்டேட் வங்கி மட்டும் சுமார் 6 லட்சம் அட்டைகளை முடக்கிப் புதியவற்றை வழங்கியது. தேசியக் கொடுப்பனவுக் கழகம் அப்போது அறிவித்தபடி 19 வங்கிகளைச் சேர்ந்த 641 வாடிக்கையாளர்களின் புகார்களில் அடங்கிய தொகை 1.3 கோடி ரூபாய். ஏடிஎம் வலையமைப்பை வங்கிகளுக்காக நடத்திவந்த ஒரு சேவை நிறுவனத்தின் கணினி அமைப்பிலேயே தீநிரல் புகுந்திருந்தது. பணம் இழந்த எவரும் அந்நிறுவனத்தின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். அவர்கள் சென்று நின்றது தத்தம் வங்கிக் கிளையின் முன்னால்தான்.

அதுவே முறையும் ஆகும். நிதிச் சேவைகளை வெளியாரிடம் ஒப்படைப்பது குறித்து ரிசர்வ் வங்கி 2006 நவம்பரில் நெறிமுறைகளை வெளியிட்டது. தகவல் தொழில்நுட்பச் சேவைகளுக்கென 2023 ஏப்ரல் 10 அன்று தனியான முதன்மை வழிகாட்டுதலைப் பிறப்பித்தது. இரண்டின் அடிப்படையும் ஒன்றே: வேலையை வெளியே தரலாம், பொறுப்பைத் தர முடியாது. வாடிக்கையாளருக்கு வங்கியின்மீதுள்ள உரிமை, இடையில் எத்தனை நிறுவனங்கள் நின்றாலும் குறையாது. இப்படிப் பிறர் செயலால் நமக்கு வந்து சேரும் ஆபத்தையே மூன்றாம் தரப்பு இடர் என்கிறோம்.

அலமாரியில் உறங்கும் வாக்கியங்கள்

ஓர் ஒப்பந்தம் என்றால் ஒரு தாள்கட்டு என்று நினைப்பது இயல்பு. பெரிய நிறுவனம் ஒன்றில் நிலைமை வேறு. முதலில் ஒரு முதன்மை உடன்படிக்கை இருக்கும். அதன்கீழ் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பணி ஆணை. விலையும் சேவைத் தரமும் இணைப்புகளில் இருக்கும். இரண்டாம் ஆண்டில் ஒரு திருத்தம்; மூன்றாம் ஆண்டில் அத்திருத்தத்துக்கு ஒரு திருத்தம்; இடையே இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒரு கடிதம். அக்கடிதம் கோப்பின் வேறொரு பகுதியில் கிடக்கும். இவற்றுட் பல, முத்திரைத்தாளில் அச்சிட்டுக் கையொப்பமிட்டபின் வருடி எடுக்கப்பட்ட படங்கள். கணினிக்கு அவை எழுத்துகள் அல்ல, வெறும் புள்ளிகள்.

இந்நிலையில், 2023இன் வழிகாட்டுதல் ஒரு புதிய கடமையை விதித்தது. சேவை வழங்குநரிடம் கணினித் தாக்குதல் நேர்ந்தால், அவர் அதைக் கண்டறிந்த 6 மணி நேரத்திற்குள் வங்கி அதை ரிசர்வ் வங்கிக்குத் தெரிவித்தாக வேண்டும். அதற்கேற்ப அவர் தாமதமின்றி வங்கிக்குச் சொல்லியாக வேண்டும். தணிக்கை செய்யும் உரிமை, வழங்குநர் தம் வேலையை மற்றொருவரிடம் உள்ஒப்பந்தமாகத் தருவதற்கு முன் அனுமதி, ஒப்பந்தம் முறியும்போது வெளியேறும் வழி ஆகியவையும் எழுத்தில் இருக்க வேண்டும். 2023 அக்டோபர் 1க்குப் பின் புதுப்பிக்கப்பட வேண்டிய பழைய ஒப்பந்தங்கள், புதுப்பிக்கும் நாளிலோ, வழிகாட்டுதல் வெளியான 36 மாதங்களுக்குள்ளோ, எது முந்தையதோ அதற்குள் இந்நெறிகளுக்கு இணங்க வேண்டும் என்றும் அது கூறியது. ஆக, வங்கியின் முன் நிற்கும் கேள்வி எளியது: நம்மிடமுள்ள ஒப்பந்தங்களுள் எவற்றில் இவை இல்லை?

இருப்பதைத் தேடுவதைவிட இல்லாததைத் தேடுவது கடினம். ஒரு பக்கத்தில் உள்ள பிரிவைக் கண்டவுடன் தேடலை நிறுத்திவிடலாம். இல்லாத பிரிவு உண்மையிலேயே இல்லை என்று சொல்ல, கடைசி இணைப்பின் கடைசி வரிவரை வாசித்தாக வேண்டும். ஆயிரம் ஒப்பந்தங்களை அப்படி வாசிக்க எத்தனை அதிகாரிகள் வேண்டும், அவர்கள் முடிப்பதற்குள் எத்தனை திருத்தங்கள் புதிதாக வந்து சேரும் என்பதை வணிகம் பயின்றவர்கள் எளிதில் கணக்கிடலாம்.

அமெரிக்காவின் ஜேபி மார்கன் வங்கி, வணிகக் கடன் உடன்படிக்கைகளைப் பகுத்தாயும் ஒரு மென்பொருளைப் பயன்படுத்துவது 2017இல் செய்தியாயிற்று. ஆண்டொன்றுக்குச் சுமார் 12,000 உடன்படிக்கைகளின் தொடர்பில் வழக்கறிஞர்களும் கடன் அதிகாரிகளும் செலவிட்டுவந்த 3,60,000 மணி நேர உழைப்பை அது மேற்கொண்டதாகக் கூறப்பட்டது. அதன்பின் இத்துறை வேகமாக வளர்ந்துள்ளது.

கணினி எப்படி வாசிக்கிறது

முதற்படி, வருடிய படத்தை எழுத்தாக்குவது. எழுத்துணரி மென்பொருள் இதைச் செய்கிறது. தெளிவான அச்சில் அது நன்றாக இயங்கும். நோட்டரியின் முத்திரை விழுந்த வரியிலும், ஓரத்தில் பேனாவால் எழுதிச் சுருக்கொப்பமிட்ட திருத்தத்திலும் தடுமாறும். பேரம் படிந்த கடைசி நிமிடத்தில் செய்த மாற்றங்கள் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் இருக்கும் என்பது இதில் உள்ள சங்கடம்.

அடுத்த படி, எழுத்தை உட்பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வகையைச் சேர்ந்தது என்று முடிவு செய்தல். இதற்கு வெறும் சொல் தேடல் போதாது. இழப்பை ஏற்கும் பிரிவை ஓர் ஒப்பந்தம் 'ஈட்டுறுதி' என்ற தலைப்பில் தரும். மற்றொன்று 'வங்கிக்கு எவ்வித நட்டமும் நேராவண்ணம் காப்போம்' என்று சொல்லும். மூன்றாவது, தலைப்பே இன்றி, 'அதனால் விளையும் செலவு அனைத்தும் வழங்குநரையே சாரும்' என்று பொதுப் பிரிவின் நடுவில் புதைத்து வைத்திருக்கும். மூன்றும் ஏறக்குறைய ஒரே பொருளைத் தருபவை. பொதுவான சொல் ஒன்றுகூட இல்லை. இயற்கை மொழிச் செயலாக்கம் எனப்படும் தொழில்நுட்பம் இங்கேதான் கைகொடுக்கிறது. ஏராளமான எழுத்தைப் படிக்கவைத்து, எந்தச் சொல் எந்தச் சொற்களின் சூழலில் வருகிறது என்பதை எண்களாகப் பதியவைக்கின்றனர். நெருங்கிய பொருளுடைய வாக்கியங்களுக்கு நெருங்கிய எண்கள் அமைகின்றன. ஒருவரை அவர் பழகும் கூட்டத்தைக் கொண்டு மதிப்பிடுவது போன்றது இது.

அதன்மேல், வழக்கறிஞர்கள் வகை குறித்துத் தந்த மாதிரிகளைக் கொண்டு பயிற்சி தரப்படுகிறது. 2021இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பொதுத் தொகுப்பில் 510 வணிக ஒப்பந்தங்களில் 41 வகைப் பிரிவுகள் அடையாளமிடப்பட்டு, 13,000க்கும் மேற்பட்ட குறிப்புகள் உள்ளன. இது பயனுள்ள தொகுப்பு. ஆயினும் அதை மட்டும் படித்த கணினிக்கு நம் முத்திரைத்தாளும் தெரியாது. ரிசர்வ் வங்கி வழங்குநரின் அலுவலகத்துக்குள் வந்து ஆய்வு செய்யலாம் என்ற பிரிவு நம் வங்கி ஒப்பந்தத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பதும் தெரியாது. இறக்குமதி செய்த மென்பொருளை அப்படியே நம்பக்கூடாது என்பது எங்கள் கருத்து. நம் ஒப்பந்தங்களைக் கொண்டு, நம் சட்ட அதிகாரிகள் அடையாளமிட்டு, அதை மீண்டும் பயிற்றுவிக்க வேண்டும்.

மூன்றாவது, பிரித்தெடுத்தல். தரப்பினர் பெயர், தொகை, தேதி, கால அளவு, வட்டி, தண்டத் தொகை ஆகியவற்றை எடுத்து அட்டவணையில் நிரப்புவது. இறுதியாக, வங்கியின் மாதிரி ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டு, எங்கே விலகல் என்று காட்டுவது.

கற்பனையான மூன்று பிரிவுகளை எடுத்துக்கொண்டு இதைப் பழகிப் பார்ப்போம்.

முதலாவது: 'பாதுகாப்பு மீறல் நேர்ந்திருப்பதைத் தாம் உறுதி செய்துகொண்ட பின்னர், வழங்குநர் நியாயமான காலத்திற்குள் வங்கிக்குத் தெரிவிப்பார்.' கணினி இதைப் 'மீறல் அறிவிப்பு' என்று சரியாக வகைப்படுத்தும். மேலோட்டமாகப் பார்க்கும் அதிகாரி, பிரிவு இருக்கிறது என்று குறியிட்டு நகர்வார். நன்கு பயின்ற கணினியோ, கால அளவு என்னும் கட்டத்தை நிரப்ப எண் கிடைக்கவில்லை என்று சிவப்புக் கொடி காட்டும். அந்தக் கொடியைப் பார்த்து மீண்டும் வாசிக்கும் அதிகாரிக்கு இரண்டாவது குறையும் புலப்படும். கடிகாரம் ஓடத் தொடங்குவது கண்டறிந்த நேரத்திலா, உறுதி செய்த நேரத்திலா? உறுதி செய்யப் பத்து நாள் எடுத்துக்கொண்டால்? ரிசர்வ் வங்கியின் 6 மணி நேரம் கண்டறிந்த கணத்திலிருந்து ஓடுகிறது. இந்த ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு வங்கி தன் கடமையை நிறைவேற்ற இயலாது.

இரண்டாவது: 'எக்காரணம் கொண்டும் வழங்குநரின் மொத்தப் பொறுப்பு, முந்தைய 12 மாதங்களில் அவருக்குச் செலுத்தப்பட்ட கட்டணத்தை மிஞ்சாது.' இது உலகெங்கும் வழக்கமான பிரிவு. கட்டடம் துப்புரவு செய்யும் நிறுவனத்தோடு இப்படி எழுதிக்கொள்வதில் பிழையில்லை. ஆனால் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் பெற்று, லட்சக்கணக்கான வாடிக்கையாளரின் பெயர், முகவரி, கைப்பேசி எண்களைக் கையாளும் நிறுவனத்தோடு? 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கத் தகுந்த ஏற்பாடு செய்யத் தவறியவர்க்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. தரவை வேறொருவரிடம் கையாளக் கொடுத்தாலும், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் முதலில் தரவைப் பெற்றவரே. 40 லட்சம் என்பது 250 கோடியில் 625இல் ஒரு பங்கு. மிச்சத்தை யார் சுமப்பார்? கட்டணம், உச்சவரம்பு, தரவின் தன்மை ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு ஆவணங்களில் இருப்பவை. கணினி அவற்றை ஒரே வரியில் கொண்டுவந்து நிறுத்துகிறது. இரகசியக் காப்பு மீறலுக்கு இந்த உச்சவரம்பு பொருந்தாது என்ற விலக்கைக் கேட்டுப் பெறுவது மனிதரின் வேலை.

மூன்றாவது, எளியதுபோல் தோன்றுவது: 'இவ்வொப்பந்தம் தொடக்க நாளிலிருந்து மூன்றாண்டுகள் நடப்பில் இருக்கும், முடிவுறும் நாளுக்கு 90 நாட்கள் முன்னர் எழுத்து மூலம் மறுப்புத் தெரிவிக்காவிட்டால், மேலும் மூன்றாண்டுகளுக்குத் தானே நீட்டிக்கப்படும்.' தொடக்க நாள் 2022 ஜூலை 1 எனக் கொள்வோம். முடிவது 2025 ஜூன் 30. அதற்கு 90 நாட்கள் முன் என்றால் 2025 ஏப்ரல் 1. வங்கிகளின் நாட்காட்டி அறிந்தவர்கள் இங்கே புன்னகைப்பார்கள்: ஆண்டுக் கணக்கு முடிப்பு வேலையில் அனைவரும் மூழ்கியிருக்கும் நாள் அது. நடைமுறையில் மார்ச் மாதத்திலேயே கடிதம் போயிருக்க வேண்டும். தவறினால், விலை அதிகமென்று நாம் கருதும் ஒரு சேவைக்கு இன்னும் மூன்றாண்டுகள் பணம் கட்டுவோம்.

இத்துடன் முடியவில்லை. 2022 செப்டம்பரில் கையெழுத்தான ஒரு திருத்தக் கடிதம், 'தொடக்க நாள் என்பது சேவை உண்மையில் இயங்கத் தொடங்கிய நாளைக் குறிக்கும்' என்று கூறுவதாகக் கொள்வோம். சேவை இயங்கியது 2022 ஆகஸ்ட் 18. அப்படியானால் ஒப்பந்தம் 2025 ஆகஸ்ட் 17இல் முடியும். அறிவிப்புக்குக் கடைசி நாள் மே 19. முதன்மை ஆவணத்தை மட்டும் படித்த கணினி ஏப்ரல் 1 என்று மிகுந்த நம்பிக்கையோடு தவறாகச் சொல்லும். ஆகவே, எந்தத் தாள் எந்தத் தாளைத் திருத்துகிறது என்ற குடும்ப மரத்தை முதலில் அமைத்துத் தராமல் மென்பொருளை ஓடவிடுவது வீண். மென்பொருள் விற்க வருபவர்கள் இந்த வேலையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பொறுமையைச் சோதிக்கும் பகுதி இதுவே.

97 சதவீதம் என்னும் மாயை

அவர்கள் அதிகம் பேசுவது துல்லியத்தைப் பற்றி. 'எங்கள் மென்பொருள் 97 சதவீதம் சரி' என்பார்கள். இதைக் கேட்டு மகிழ்வதற்குமுன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் ஒப்பந்தங்களில் 970இல் தணிக்கை உரிமைப் பிரிவு உள்ளது, 30இல் இல்லை. ஒரு மென்பொருள் எதையும் படிக்காமல் ஆயிரத்துக்கும் 'உள்ளது' என்று விடை தந்தால் அது 97 சதவீதம் சரி. நாம் தேடிய 30இல் ஒன்றைக்கூட அது கண்டுபிடிக்கவில்லை.

ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. குறையுள்ளவை 30இல் எத்தனையைப் பிடித்தது? குறை என்று அது காட்டியவற்றுள் எத்தனை உண்மையான குறை? இவ்விரண்டும் பெரும்பாலும் எதிரெதிராக இழுப்பவை. வலையின் கண்ணைச் சிறிதாக்கினால் எல்லா மீனும் சிக்கும், குப்பையும் சிக்கும். வங்கியைப் பொறுத்தவரை வீண் எச்சரிக்கையின் விலை, ஓர் அதிகாரியின் பத்து நிமிடம். தவறவிட்ட குறையின் விலை, 2016 போன்ற ஓர் அக்டோபர். எனவே சிறிய கண்ணுள்ள வலையையே நாங்கள் விரும்புவோம்.

அண்மைக்காலத்தில் பரவியுள்ள, கேட்டதற்கெல்லாம் சரளமாக விடை எழுதும் ஆக்கமுறைச் செயற்கை நுண்ணறிவு இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. ஒப்பந்தத்தில் இல்லாத பிரிவையும் அழகான நடையில் அது எழுதிக் காட்டக்கூடும். இதற்கு ஒரு கட்டுப்பாடு போதுமான அளவு உதவும்: ஒவ்வொரு விடையுடனும் பக்க எண், பிரிவு எண், மூல வாக்கியம் மூன்றும் வர வேண்டும், வராத விடை விடையே அன்று. மேலும், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் உரையாடல் செயலியில் ஒப்பந்தத்தைப் பதிவேற்றி 'சுருக்கித் தா' என்று கேட்பது, இரகசியக் காப்புப் பிரிவை மீறுவதாகவே ஆகலாம். மூன்றாம் தரப்பு இடரை அளக்கக் கொண்டுவரும் கருவியும் ஒரு மூன்றாம் தரப்பிடமிருந்தே வருகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. அதன் ஒப்பந்தத்தையும் யாரேனும் வாசிக்க வேண்டும். அதைக் கண்ணால் வாசிப்பதே நல்லது. நிதித்துறையில் செயற்கை நுண்ணறிவை நெறிப்படுத்துவது குறித்து ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2025 ஆகஸ்டில் தன் அறிக்கையை அளித்தது. குழுவின் தலைவர், மும்பை ஐஐடியின் பேராசிரியர் புஷ்பக் பட்டாச்சார்யா, இயற்கை மொழிச் செயலாக்கத்திலேயே தம் வாழ்நாள் ஆய்வைச் செலவிட்டவர் என்பது பொருத்தமான செய்தி.

நம் நாட்டில் மொழியும் ஒரு தனிக் கேள்வி. தொழில்நுட்ப ஒப்பந்தங்கள் ஆங்கிலத்தில் இருப்பினும், கிளை இயங்கும் கட்டடத்தின் வாடகைப் பத்திரம் மராத்தியிலோ வங்காளியிலோ தமிழிலோ இருக்கலாம். ஆங்கிலத்தில் மறுப்பு ஒரு தனிச் சொல்லாக நிற்கும். கணினி அதை எளிதில் காணும். தமிழில் மறுப்பு வினைச்சொல்லின் வயிற்றுக்குள் இருக்கிறது. 'செலுத்திய' என்பதற்கும் 'செலுத்தாத' என்பதற்கும் உள்ள தொலைவு ஓரிரு எழுத்துகளே. 'தெரிவிக்காவிட்டாலன்றி' போன்ற ஒரு சொல்லுக்குள் இரட்டை மறுப்பே அடங்கிவிடுகிறது. மனிதரே ஒருமுறை நின்றுதான் கடக்க வேண்டும். வருடிய தாளில் ஒரு துணைக்கால் மங்கினால் பொருள் தலைகீழாகும். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழுவும், மத்திய அரசு 2022இல் தொடங்கிய பாஷினி திட்டமும் இந்திய மொழிகளுக்கான கருவிகளை உருவாக்கி வருகின்றன. ஆயினும் பத்திர எழுத்தர்களின் நடை செய்தித்தாளின் நடை அன்று. அந்நடைக்கென்று தனிப் பயிற்சி தரும்வரை, உள்ளூர் மொழிப் பத்திரங்களை அதிகாரியே வாசிப்பது நலம்.

ஒரே தூணில் சாய்ந்த பல வீடுகள்

ஒப்பந்தங்களைத் தனித்தனியே வாசிப்பதால் தெரியாத ஒன்று, அவற்றைச் சேர்த்து வாசிக்கும்போது தெரிகிறது. ஐந்து வழங்குநர்களிடம் ஐந்து வேலைகளைப் பிரித்துக் கொடுத்திருக்கிறோம், எனவே இடரைப் பரப்பிவிட்டோம் என்று ஒரு நிறுவனம் நிம்மதியாக இருக்கலாம். ஐந்து ஒப்பந்தங்களின் உள்ஒப்பந்தப் பிரிவுகளையும் இணைப்புகளையும் கணினி அலசி, ஐவருமே ஒரே தரவு மையத்தை நம்பியிருக்கிறார்கள் என்று காட்டினால் அந்த நிம்மதி கலையும். கலைவதே நன்று.

2024 ஜூலை இதற்கு இரண்டு பாடங்களைத் தந்தது. ஜூலை 19 அன்று, ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் கணினிகள் முடங்கின. இந்தியாவில் 10 வங்கிகளும் வங்கிசாரா நிறுவனங்களும் மட்டுமே சிறு இடையூறுகளைச் சந்தித்ததாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. அம்மாத இறுதியில் நேர்ந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. கூட்டுறவு வங்கிகளுக்கும் வட்டார ஊரக வங்கிகளுக்கும் சேவையளித்த ஒரு தொழில்நுட்ப நிறுவனம் பிணைத்தொகை கேட்கும் தாக்குதலுக்கு உள்ளானது. பாதிப்பு பரவாதிருக்கத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் அந்நிறுவனத்தின் இணைப்பைத் தற்காலிகமாகத் துண்டித்தது. சுமார் 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் பணம் செலுத்த இயலாமல் தவித்ததாகச் செய்திகள் வந்தன. அவ்வங்கிகள் தனித்தனியானவை, சாய்ந்திருந்த தூண் ஒன்று.

வாடிக்கையாளரின் கையில் உள்ளவை

இத்தொழில்நுட்பம் ஒப்பந்தங்களோடு நின்றுவிடுவதில்லை. வாடிக்கையாளர் எழுதும் புகார்களையும் அது வாசிக்கிறது. கடன் வசூல் முகவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவரும் ஒரு மூன்றாம் தரப்பே. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கடன் பெற்றவரை வசூலுக்காகத் தொலைபேசியில் அழைக்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் அறிவுறுத்தியுள்ளது. முகவர் நிறுவனத்துடனான ஒப்பந்தத்திலும் இது இருக்கும். மீறினால் என்ன தண்டம் என்பதும் இருக்கும். ஆனால் மீறல் நடந்தது என்று வங்கிக்குச் சொல்ல வேண்டியவர் வாடிக்கையாளரே. 'உங்கள் ஆள் தொல்லை தருகிறார்' என்ற புகாரை எந்தக் கணினியும் எந்த ஒப்பந்தத்தோடும் பொருத்த முடியாது. 'இன்ன தேதி இரவு 9.10க்கு, இந்த எண்ணிலிருந்து, இன்ன கடன் கணக்கு தொடர்பாக அழைப்பு வந்தது' என்று எழுதினால், அந்த நேரமும் எண்ணும் உரிய முகவர் நிறுவனத்தையும், அதன் ஒப்பந்தத்தில் உரிய பிரிவையும் தேடிச் சென்று சேரும். அதே நிறுவனத்தைப் பற்றி மூன்று மாநிலங்களிலிருந்து ஒரே வகைப் புகார் வந்திருந்தால் அதுவும் தெரியும். தமிழிலேயே எழுதலாம்; தேதி, நேரம், இடம், எண் ஆகியவை இருப்பதுதான் முக்கியம். 30 நாட்களுக்குள் வங்கியிடமிருந்து பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த ஆம்பட்ஸ்மேன் திட்டத்தின்கீழ் முறையிடலாம். அங்கும் இதே விவரங்களைத்தான் கேட்பார்கள்.

எமது வாசகர்களில் தொழில் நடத்துவோர் பலர். அவர்கள் ஒருபுறம் பிறரிடம் சேவை பெறுகிறார்கள். மறுபுறம் பெரிய நிறுவனங்களுக்குத் தாமே வழங்குநராக நிற்கிறார்கள். பெரிய நிறுவனம் அனுப்பும் அறுபது பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் முதலில் தேட வேண்டியது பணம் தரும் கெடு. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டத்தின்படி, குறு அல்லது சிறு நிறுவனமான வழங்குநருக்குத் தர வேண்டிய தொகைக்கு எழுத்திலுள்ள கெடு 45 நாட்களைத் தாண்ட முடியாது. எழுத்தில் கெடு இல்லையேல் 15 நாட்கள். 90 நாள் என்று அச்சிட்டிருந்தாலும் 45ஏ செல்லும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டும் வட்டியாகத் தர வேண்டும். அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் வாங்குபவர் தம் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று 2023 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் விதி சேர்த்தது. அதன்பிறகு இந்தக் கெடுவுக்குப் புதிய மதிப்பு வந்திருக்கிறது. உத்யம் பதிவுச் சான்றை ஒப்பந்தத்தோடும் பில்லோடும் இணைத்துக் கொடுப்பது, பின்னால் வாதாடுவதைவிட மலிவு.

இருபது முப்பது ஒப்பந்தங்கள் உள்ள ஒரு நிறுவனத்துக்கு மென்பொருள் தேவையில்லை. கணினியில் ஓர் அட்டவணை, அல்லது ஒரு நீண்ட குறிப்பேடு போதும். எதிர்த் தரப்பின் பெயர், தொடக்க நாள், முடியும் நாள், மறுப்புத் தெரிவிக்கக் கடைசி நாள், பணக் கெடு, இழப்பீட்டு உச்சவரம்பு, வாடிக்கையாளர் தரவைத் தொடுகிறாரா என்பது, இதைத் திருத்தும் கடிதங்கள் எங்கே உள்ளன என்பது. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. ஒவ்வொரு கட்டத்திலும் பக்க எண்ணைக் குறிக்க வேண்டும். காலியாக நிற்கும் கட்டங்களை வண்ணமிட்டு வைக்கவும்; கணினி காட்டும் சிவப்புக் கொடி என்பது அதுவேதான். மறுப்புத் தெரிவிக்கும் நாளை மட்டும் அட்டவணையில் வைத்தால் போதாது. அதற்கு முப்பது நாள் முன்னதாகக் கைப்பேசியில் ஒரு நினைவூட்டலையும் பதிந்து வைக்கவும். அந்த நாள் மார்ச் கடைசியில் விழுந்தால், பிப்ரவரியிலேயே.